விளையாடினால் மொழி வருமா, விளையாட்டுதான் வருமா?

நெட்டுரு:
மூன்று மாதம் ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். பகடை உருட்டினோம், பந்து எறிந்தோம், கிழமைகளைப் பாட்டாகப் பாடினோம். ஒரே கும்மாளம். போன வாரம் ஒரு ஜெர்மானியர் போனில் என்றைக்குச் சந்திக்கலாம் என்று கேட்டார். வியாழன் என்று சொல்ல, திங்களிலிருந்து மனசுக்குள் பாடிக்கொண்டு வர வேண்டியிருந்தது!

இன்னொன்று. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் (எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம்) உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. அகராதிச் சொற்களை எழுத்துக் கோர்வைகளாக மனப்பாடம் செய்து வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதே கதை. மொழியே இல்லாமல் மொழி விளையாட்டில் உலக சாம்பியன் ஆகலாம் என்றால், விளையாட்டு எதைக் கற்றுத்தருகிறது?

சொல்வேட்டை:
நான் பெரியவர்களுக்கு ஜெர்மன் சொல்லித்தருகிறேன், அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். ஸ்கிராபிள் அர்த்தத்தைக் கேட்பதே இல்லை. கேட்காத விளையாட்டில் எப்படி வரும்? 'நான் யார்?' விளையாடிப் பாருங்கள். நீங்கள் பார்க்காத ஒரு பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, 'பின் இஷ் ஐன் மான்?' (நான் ஆணா?) என்று நீங்களே கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளில் வினைச்சொல் முதலில் வரும். விதியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறப்பார்கள். இருபது தடவை கேட்டபின் நாக்கே அதைச் செய்துவிடுகிறது.

அப்புறம் கூச்சம். அலுவலகத்தில் பத்துப் பேரை அதட்டும் மனிதர் என் வகுப்பில் வாயே திறக்கமாட்டார். பதற்றம் இருந்தால் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது, நடுவே ஒரு சல்லடை நிற்கிறது என்று மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் சொன்னது இதைத்தான்.

அரைத்தூக்கம்:
400 நாளாக ஒரு மொழிச் செயலியில் 'ஸ்ட்ரீக்' (ஒரு நாளும் விடாத தொடர் கணக்கு) விடாமல் வைத்திருக்கிறேன். ஆனால் இரவு 11.50க்கு, ஏற்கெனவே தெரிந்த மிக எளிய பாடத்தைத் தட்டிவிட்டுப் படுக்கிறேன். 400 நாளில் 40 நாள் படித்திருப்பேனா என்பதே சந்தேகம். நான் யார் கட்சி என்று நீங்களே சொல்லுங்கள்.

நெட்டுரு:
என் கட்சிதான், வாருங்கள்! பதற்றமில்லாமல் படிப்பது என்றால், பல்கேரியாவில் லோசனோவ் என்ற மனநல மருத்துவர் மொழி வகுப்பில் செய்ததுபோல் சாய்வு நாற்காலியும் பரோக் இசையும் (பழைய ஐரோப்பியச் செவ்வியல் இசை) போட்டுவிடலாமே. நன்றாகத் தூக்கம் வரும்.

சொல்வேட்டை:
லோசனோவைக் கிண்டல் செய்கிறவர்கள் எல்லாம் நாற்காலியோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே நீண்ட உரையாடலை, பக்கத்தில் மொழிபெயர்ப்போடும் இலக்கணக் குறிப்போடும் கையில் கொடுத்துத்தான் ஆசிரியர் வாசித்தார். மாணவர்களுக்குப் புதுப் பெயர், புது ஆள் வேடம். தப்பு செய்வது நானில்லை, அந்த ஆள். பாட்டும் விளையாட்டும் அதற்குப் பிறகுதான். மொழி பல மடங்கு வேகமாக வரும் என்று அவர் சொன்னதெல்லாம் மிகை, அதை நானும் நம்பவில்லை. ஆனால் அந்தப் புதுப் பெயர் உத்தியை மட்டும் விடமாட்டேன். மேலே சொன்ன மனிதர் 'கப்பல் மாலுமி' ஆனதும் பேச ஆரம்பித்துவிட்டார்.

நெட்டுரு:
சரி, பேசுகிறார். தப்பில்லாமல் பேசுகிறாரா? 'புத்தகத்தை மேசைமேல் வை' என்று ஒருவர் ஜெர்மனில் சொல்ல, எதிரில் இருப்பவர் வைக்கும் விளையாட்டு எங்கள் வகுப்பிலும் உண்டு. 'அவ்ஃப் டென் டிஷ்' என்று சொல்ல வேண்டும். நான் 'அவ்ஃப் டெம் டிஷ்' (ஏற்கெனவே மேசைமேல் இருப்பதற்குச் சொல்வது) என்று தப்பாகச் சொன்னேன். எதிரில் இருந்தவர் புத்தகத்தைச் சரியாக மேசைமேல்தான் வைத்தார். எனக்குப் புள்ளியும் கிடைத்தது! தப்புக்கே பரிசு. மூன்று மாதம் அதையே பழகினேன்.

சொல்வேட்டை:
இதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை, ஒரு நாள் யோசித்தேன். நீங்கள் சொல்வது உண்மை. என் வகுப்பிலும் அப்படித்தான் நடந்திருக்கும், நான் கவனிக்கவில்லை.

ஆனால் அது விளையாட்டை அமைத்தவரின் தப்பு. இரண்டு படம் வரையுங்கள். ஒன்றில் பூனை கூரைமேல் அங்குமிங்கும் ஓடுகிறது: 'டி கட்ஸெ லொய்ஃப்ட் அவ்ஃப் டெம் டாஹ்'. இன்னொன்றில் கீழேயிருந்து கூரைக்கு ஓடுகிறது: 'அவ்ஃப் டாஸ் டாஹ்' (கூரை வேறு பால் சொல், அதனால் டென் இல்லை, டாஸ்). மற்றதெல்லாம் ஒன்றே, டெம், டாஸ் மட்டும்தான் வித்தியாசம். ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் படத்தை எடுக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பான பூனை கைக்கு வரும், புள்ளி போகும். நான் திருத்தவே வேண்டாம்.

அரைத்தூக்கம்:
என் செயலியில் இந்தப் பூனை இருந்தால் 11.50க்குத் தட்டிவிட்டுத் தூங்க முடியாது போலிருக்கிறதே.

நெட்டுரு:
பூனை வரைந்துவிட்டேன், பார்க்க எலி மாதிரி இருக்கிறது. தம்பியோடு இரண்டு சுற்று ஆடினேன், இரண்டிலும் தோற்றேன். ஆனால் ஒன்று: முதலில் பத்து நிமிடம் விதி, பிறகு இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று லைட்னர் பெட்டியில் (அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பப் படிக்கும் முறை) திரும்பப் பார்ப்பது. பூனை அதற்கப்புறம்தான்.

சொல்வேட்டை:
எனக்குப் பூனைதான் முதலில். தோற்றபிறகு விதியைத் தானாகக் கேட்பார்கள். நீங்கள் இரண்டாவது சுற்றுக்கு முன் புத்தகத்தைப் புரட்டினீர்களா, இல்லையா?

நெட்டுரு:
புரட்டினேன். அது வேறு விஷயம்.