வாளியில் ஆழ்மணல் படுகை: ஆழம் முக்கியமா, பரப்பு முக்கியமா?

மணல்வாளி:

என் ரீஃப் டேங்க் (பவளமும் கடல்மீனும் வளர்க்கும் தொட்டி) 300 லிட்டர். தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் சேரும் நைட்ரேட் பல மாதமாக 40 பிபிஎம்மை (லிட்டருக்கு 40 மி.கி.) விட்டு இறங்கவே இல்லை. கனமான மணல் படுகை அதைக் குறைக்கும் என்கிறார்கள். ஆனால் டேங்குக்குள்ளேயே போட்டால் மீன்கள் கிளறிக்கொண்டே இருக்கும், பாதி உயரமும் போய்விடும். அதனால் 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் மணலை நிரப்பி, சம்ப்புக்கு (டேங்குக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) மேலே பலகையில் வைத்து, தண்ணீரைத் திரும்ப டேங்குக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்பிலிருந்து ஒரு கிளைக் குழாய் எடுத்து ஓடவிட்டேன்.

விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு ஓட்டை. தண்ணீர் வரும் வழி அரை அங்குலம், போகும் வழி ஒரு அங்குலம். வரும் வழியை விடப் போகும் வழி பெரிதாக இல்லாவிட்டால் ஒருநாள் தரையெல்லாம் உப்புத்தண்ணீர்தான். வாளியின் சுவர் வளைவு என்பதால் குழாயைச் சுவரில் பொருத்தும் பல்க்ஹெட்டின் வாஷர் சரியாக உட்காராமல் முதல் நாள் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மெல்லிய ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டி உள்பக்கம் இன்னொரு வாஷராக வைத்து இறுக்கிய பிறகு நின்றது. மணல் சன்னமான ஆராகோனைட் (சுண்ணாம்பு மணல்), 22 செ.மீ. உயரம். அதற்கு மேல் 7 செ.மீ. தண்ணீர் வேகமாக ஓடுகிறது. வெளிச்சம் போகாதபடி மூடி. ஈர மணலோடு முப்பது கிலோவைத் தொடும், ஆகவே வைக்கும் இடத்திலேயே வைத்து நிரப்புங்கள்.

ஐந்து மாதத்தில் நைட்ரேட் 40-லிருந்து 15-க்கு வந்துவிட்டது. ஆழம்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். அடுத்து இதைவிட இரண்டு மடங்கு உயரமான டிரம்மில் செய்யப் போகிறேன்.

உவர்நீர்:

வாளியை நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் நண்பரே. ஆனால் டிரம் வேண்டாம், அந்த மணல் வீண்.

மணலுக்கு மேலே தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் உள்ளே ஓட்டம் கிடையாது. நைட்ரேட் தானாகப் பரவித்தான் கீழே இறங்க வேண்டும். அப்படிப் பரவுவதில் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஒரு செ.மீ. இறங்க ஏறக்குறைய அரை நாள் என்றால், பத்து செ.மீ. இறங்க ஒன்றரை, இரண்டு மாதம். சன்ன மணலில் மேலே ஒன்றிரண்டு செ.மீ. தாண்டினாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்கு அடுத்த சில செ.மீ.-யில் இருக்கும் பாக்டீரியா, ஆக்சிஜன் இல்லாததால் நைட்ரேட்டைப் பயன்படுத்தி நைட்ரஜன் வாயுவாக வெளியே விடுகிறது. கீழே இருக்கும் மணலுக்கு நைட்ரேட் போய்ச் சேரவே சேராது.

ஆகக் கணக்கில் வருவது மேல்பரப்பு. உங்கள் வாளியின் வாய் 28 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் சுமார் 615 சதுர செ.மீ. அதுவே 60க்கு 40 தொட்டி என்றால் 2400. பத்து செ.மீ. மணல் போதும், கிட்டத்தட்ட நாலு மடங்கு வேலை நடக்கும். மொனாக்கோவில் ஜோபேர் என்ற உயிரியலாளர் 1980களில் செய்து காட்டிய பிளீனம் முறையை (மணலுக்கு அடியில் தண்ணீர் நிற்கும் இடைவெளி விடுவது) எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் மணல் டேங்கின் அடிப்பரப்பு முழுவதும் பரப்பப்பட்டிருந்தது.

மணல்வாளி:

2400 சதுர செ.மீ. தொட்டியை எங்கே வைப்பது? கேபினட்டுக்குள் சம்ப்பும் ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) போக மிச்சம் ஒரு முழம்தான். வாளியின் அருமையே அதுதான். அப்புறம், கணக்கு எப்படி இருந்தாலும் நைட்ரேட் இறங்கியிருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

நீலத்துளி:

புதியவன், ஒரு சந்தேகம். இவ்வளவு மணல் மூடிக் கிடந்தால் அழுகிய முட்டை வாடையோடு விஷ வாயு வரும் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

பழையஅலை:

வரும் தம்பி. நைட்ரேட்டும் தீர்ந்த ஆழத்தில் வேறு பாக்டீரியா கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு. மேலே ஆக்சிஜன் உள்ள மணல் அடுக்கு இருக்கும்வரை அது அங்கேயே மாறிவிடும், வெளியே வராது. ஆபத்து வருவது பம்ப் நின்று அந்த ஆக்சிஜன் தீரும்போது.

நானும் இப்படி ஒரு வாளி வைத்திருந்தேன். முன்னால் வடிகட்டி போடவில்லை, தண்ணீரையும் மெதுவாக விட்டேன். அது முழுக்க என் தவறு. ஓராண்டில் மணல்மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பழுப்புச் சகதி. ஒருநாள் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. வந்ததும் பம்ப் தானாக ஓட ஆரம்பித்து, மூடிக்குள் தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் டேங்குக்குள் போனது. நான் வந்து பார்த்தபோது மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இரண்டு போய்விட்டன. இன்றைக்கும் நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது.

ஆகவே வாளிக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு கட்டாயம் வேண்டும். ஓட்டம் சில மணி நேரம் நின்றால் வால்வை மூடி, மணல்மேல் இருக்கும் தண்ணீரைக் கோரி வெளியே ஊற்றிவிட்டுத்தான் திரும்ப இணைக்க வேண்டும். வாளிக்கு முன்னால் ஃபில்டர் சாக்ஸ் (துணி வடிகட்டிப் பை) போட்டு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

உவர்நீர்:

பழையஅலை சொன்னதை அச்செடுத்து ஒட்டி வைக்கலாம்.

மணல்வாளி, நைட்ரேட் இறங்கியதை நான் மறுக்கவில்லை. இறக்கியது வாளிதானா என்பது என் கேள்வி. அந்த ஐந்து மாதத்தில் வேறு எதையும் மாற்றவில்லையா? ஒரு கிராம் உலர் தீனியில் 45 சதவீதம் புரதம் என்றால் அதில் நைட்ரஜன் சுமார் 72 மி.கி. அது முழுவதும் நைட்ரேட் ஆனால் ஏறக்குறைய 320 மி.கி. உங்கள் 300 லிட்டரில் ஒரு நாளைக்கு 1 பிபிஎம்முக்கு மேல். தீனியில் சின்ன மாற்றம் செய்தாலே எண் ஆடிவிடும்.

ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் ஒப்பிட்டுப் பயனில்லை, ஓட்டம் வேகம் என்பதால் வித்தியாசம் டெஸ்ட் கிட்டில் தெரியாது. வாளியை இரண்டு நாள் டேங்கிலிருந்து பிரித்துவிடுங்கள். மணல்மேல் உள்ளதும் பக்கத்தில் வைக்கும் ஒரு சின்னத் தொட்டியில் உள்ளதும் சேர்த்து 10 லிட்டர் டேங்க் தண்ணீர், சின்ன பம்ப் வைத்து அதையே சுற்றவிடுங்கள். முதலிலும் கடைசியிலும் அளந்து பாருங்கள்.

பழையஅலை:

கூடவே அதே தண்ணீரில் கொஞ்சம் மணல் இல்லாத டப்பாவிலும் வைத்து அளக்க வேண்டும். அப்போதுதான் இறங்கியது மணலால் என்று உறுதியாகச் சொல்ல முடியும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் பல்பின் கீழே 10-க்கும் 25-க்கும் வித்தியாசம் தெரியாது.

மணல்வாளி:

செய்துவிட்டேன். மணல் இல்லாத டப்பா: முதலில் 20, இரண்டு நாள் கழித்தும் 20. வாளி: முதலில் 20, கடைசியில் 15. (டேங்கே இந்த வாரம் 15-லிருந்து 20-க்கு ஏறியிருக்கிறது.) 10 லிட்டரில் 5 பிபிஎம் என்றால் 50 மி.கி. நாளொன்றுக்கு 25.

உவர்நீர் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வாளி வைத்த அதே மாதம் தீனியை ஒரு கிராமிலிருந்து அரை கிராமாகக் குறைத்தேன். முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுப்போய்விட்டது. ஆனால் 25 மி.கி. 150 நாளைக்கு 3750 மி.கி. 300 லிட்டரில் 12.5 பிபிஎம். மொத்தம் இறங்கியதே 25 தானே? பாதி வாளியினுடையது!

உவர்நீர்:

பாதி வராது. பாக்டீரியா நிலைபெறவே சில வாரம் ஆகும், அந்த நாட்களைக் கழிக்க வேண்டும். சோதனையின்போது மணல் இடுக்கில் இருந்த நைட்ரேட் குறைவான தண்ணீரும் மேலே கலந்து எண்ணைக் கொஞ்சம் இறக்கியிருக்கும். திரும்ப ஒருமுறை செய்தால் 25 நிற்குமா என்று தெரிந்துவிடும். தீனியைப் பாருங்கள்: அரை கிராம் குறைத்ததால் நாளொன்றுக்கு 160 மி.கி. வரை உள்ளே வராமலே போயிற்று. வாளி செய்ததைப் போல ஆறு மடங்கு. பாசிக்குச் சத்தாகும் பாஸ்பேட்டை இந்தப் பாக்டீரியா வாயுவாக்கி வெளியேற்றாது. நைட்ரேட் மட்டும் இறங்கிப் பாஸ்பேட் அப்படியே நின்றால் பாசி விடாது.

மணல்வாளி:

பாஸ்பேட்டுக்கு இரும்பு ஆக்சைடு போடுகிறேன், அது 0.05 பிபிஎம் பக்கத்தில் நிற்கிறது. சரி, டிரம் யோசனையை விட்டுவிட்டேன். பரப்பு பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் வாளியை எடுக்க மாட்டேன். கூடுதல் மின்சாரம் இல்லாமல், மருந்து ஊற்றாமல், ஒரு முழ இடத்தில் நாளொன்றுக்கு 25 மி.கி. எனக்குச் சின்ன விஷயம் இல்லை. சம்ப்பை மாற்றும்போது அகலத் தொட்டியாக வைக்கிறேன்.

பழையஅலை:

அப்படி மாற்றும் நாளில் வாளியை டேங்கோடு இணைப்பில் வைத்தே மணலை அள்ளாதீர்கள். முதலில் குழாயைக் கழற்றி, தண்ணீரை வெளியே கொட்டி, வாளியை அப்படியே வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். அடியில் கறுத்திருக்கும் மணலைக் கழுவிப் புதுத் தொட்டிக்குப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், புது மணலே போடுங்கள்.