வெள்ளவத்தைக் கடைக்குச் சூரிய மின்சாரம்: எந்தத் திட்டம் இலாபம்?

கேள்வி:
பலசரக்குக் கடை நடத்துகிறேன். மீன், இறைச்சி வைக்கும் குளிரூட்டிகள் இரவு பகலாக ஓடுவதால் மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை. கூரையில் சோலார் பனல் பொருத்தினால் வியாபாரிகளுக்குச் சலுகை ஏதும் உண்டா?

பதில் 1:
கூரைச் சூரிய மின்சாரத்துக்காக இலங்கை அரசு 2016இல் ஆரம்பித்த 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில் மூன்று முறைகள் இருந்தன. நெற் மீற்றரிங்கில் மிகுதி மின்சாரத்துக்குப் பணம் கிடைக்காது, அலகுகளாக அடுத்த பட்டியலுக்குச் செல்லும். நெற் அக்கவுண்டிங்கில் மிகுதிக்குப் பணம் உண்டு. நெற் பிளஸில் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவனைக்குத் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும். பகலிலும் அதிகம் பாவிக்கும் உங்களுக்கு நெற் பிளஸ் பொருந்துமென நான் நினைக்கவில்லை.

பதில் 2:
அண்ணா, தொடக்கத்தில் 20 வருட ஒப்பந்தத்தில் நாம் விற்கும் மின்சாரத்துக்கு முதல் ஏழு வருடங்களுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாயும், பின்னர் 15.50 ரூபாயும் தருவதாக இருந்தது. அந்த விலைகள் பின்னர் மாற்றப்பட்டுவிட்டன. விற்பனை முகவர் காட்டும் பழைய கணக்கை நம்பாமல், கையொப்பமிடும் நாளில் நடைமுறையிலுள்ள விலையையே வைத்துக் கணக்கிடுங்கள்.

பதில் 3:
கடனுக்கு, ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் 50 மில்லியன் டொலர் ஒதுக்கியது போன்ற ஏற்பாடு இப்போதும் உண்டா என உங்கள் வங்கியில் விசாரியுங்கள். இன்னொன்று, மின்வெட்டின்போது, பனலின் மின்சாரத்தைப் பாவனைக்கேற்ப மாற்றித் தரும் சாதாரண இன்வேர்ட்டரும் நின்றுவிடும். மின்கலம் இல்லாமல் குளிரூட்டி ஓடாது.