வயலின் ரெண்டு, செல்லோ ஒண்ணு, கூட பழைய டிஎக்ஸ்7: ஒட்டவே மாட்டேங்குது

அம்மாப்பேட்டைக்காரன்:
வணக்கம். சேலத்துல ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பு கலைஞ்சப்போ அவங்ககிட்ட இருந்து யமஹா டிஎக்ஸ்7 வாங்குனேன், அதான் 1983-ல வந்த கீபோர்டு. ரெண்டு வயலின், ஒரு செல்லோ, இது, நாலுக்கும் சேர்த்து பத்து நிமிஷ பீஸ் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். தனித்தனியா கேட்டா எல்லாமே நல்லாருக்கு, சேர்ந்தா மட்டும் கீபோர்டு கல்யாண வீட்டுல யாரையும் தெரியாம வந்தவன் மாதிரி ஓரமா நிக்குது. அதுலயும் ஸி மேஜர் கார்டு நீளமா நிக்கிற இடத்துல வயலின் வாசிக்கிற பொண்ணு "ஸ்ருதி சேரலண்ணா"ங்குது. ட்யூனர்ல பார்த்தா எல்லாத்துலயும் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்தான். ரிவெர்ப் (எதிரொலி) போட்டு மூடிடவா?

ஏற்காடு மழை:
மூடாதீங்கண்ணா, அந்த பொண்ணு காது சரியாத்தான் இருக்கு. நான் செல்லோ வாசிக்கிறவன், இதுல நிறைய அடி வாங்கியிருக்கேன். கம்பி வாத்தியக்காரங்க மேஜர் கார்டுல காந்தாரத்தை (ஸி கார்டுல ஈ) ஸ-வோட அதிர்வெண்ணுக்கு 5/4 மடங்குங்கிற கணக்குல கொஞ்சம் தாழ்த்தித்தான் நிறுத்துவாங்க, கீபோர்டுல இருக்குறது அதைவிட 14 சென்ட் மேல (பக்கத்து பக்கத்து ரெண்டு கட்டைக்கு நடுவுல 100 சென்ட்). மிடில் ஸி-க்கு மேல இருக்குற ஈ கீபோர்டுல 329.6 ஹெர்ட்ஸ், அவங்க வைக்கிறது 327, அப்ப சத்தம் செகண்டுக்கு ரெண்டரை தடவை ஏறி இறங்கித் துடிக்கும், அந்த துடிப்பைத்தான் அவங்க சொல்றாங்க. பஞ்சமத்துல வித்தியாசம் வெறும் 2 சென்ட். அதனால கீபோர்டுக்கு ஸ-வும் ப-வும் மட்டும் குடுத்துட்டு காந்தாரத்தை வயலினுக்கே விட்டுடுங்க.

பழைய பொட்டி:
மேல சொன்னது நூத்துக்கு நூறு. கூடவே சவுண்டையும் மாத்துங்க, ஏன்னா ட்ரூப்புல வச்சிருந்த சவுண்டு ட்ரம்ஸைத் தாண்டிக் கேக்கணும்னே வச்சதா இருக்கும். மாடுலேட்டர் ஆபரேட்டர்களோட (அதாவது நேரா கேக்காம, கேக்குற அலையோட தன்மையை மாத்துற அலைகளோட) அவுட்புட் லெவலைக் குறைங்க, கணீர்னு இருக்குறது அடங்கும். கேரியரோட (நம்ம காதுக்குக் கேக்குற அலையோட) ரேட் 1, அதாவது சத்தம் எழும்புற வேகம், 99-ல இருந்தா 45, 50-க்கு இறக்குங்க, வில்லு கம்பியில பிடிக்க எடுத்துக்குற நேரம் கீபோர்டுக்கும் கிடைக்கும். ஹால் ஸ்பீக்கர்ல மட்டும் விடாதீங்க! சின்ன ஆம்ப் ஒண்ணை செல்லோ பக்கத்துல நாற்காலி மேல வச்சா அதுவும் நாலாவது ஆளா உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கேக்கும். அப்புறம் உள்ள இருக்குற பேட்டரியை மாத்துனீங்களா? அது செத்துச்சுன்னா 32 சவுண்டும் போச்சு.

அம்மாப்பேட்டைக்காரன்:
நேத்து ராத்திரி காந்தாரத்தை எடுத்துட்டு வாசிச்சோம், அந்த பொண்ணு ஒண்ணுமே சொல்லல, அதுவே பெருசு. ரேட் எனக்கு 52-ல நின்னுச்சு. ஆனா வேகமா ஓடுற கடைசி பகுதிக்கு அது சோம்பேறித்தனமா இருக்கு, அங்க மட்டும் பழைய சவுண்டுக்கே போயிடுறேன். பேட்டரி இன்னும் மாத்தல, இந்த வாரம் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுல வாசிக்கிறோம், பொட்டி 14 கிலோ சொச்சம், 20 ஹேர்பின் வளைவுக்கும் பஸ்ஸுல மடியில வச்சுட்டுப் போக முடியாது. யார்கிட்டயாவது ஆம்னி வேன் இருக்கா?