ஆஃப்ரிஸ்கி பார்க்: திறமை இருந்தும் போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் வீடியோ எடுப்பது ஏன்?

லெனேசியா வாசு

வணக்கம். ஜூன் பிறந்ததும் ஃபோரிஸ்பர்க், கலெடன்ஸ்பூர்ட் எல்லை வழியாக லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மலைக்கு, ஸ்கீ கட்டிச் சறுக்க, தென்னாப்பிரிக்காவிலிருந்து வண்டி கட்டுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்.

ஆஃப்ரிஸ்கியில் பெரிய சரிவு என்றால் ஒன்றுதான், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வித்தை காட்ட ரெயிலும் (சறுக்கிப் போகும் இரும்புக் கம்பி) ஜம்பும் வைத்த பார்க்கும் சின்னது. அதிலேயே 270 பாகை சுற்றி ரெயிலில் ஏறி, இறங்கும்போது எதிர்ப்பக்கம் திரும்பி ஒரு தடுமாற்றமும் இல்லாமல் போகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் ஸ்லோப்ஸ்டைல் போட்டி வைத்தால் பெயர் கொடுப்பதில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறார்கள். பயமா, செலவா, வீம்பா? வெளிநாட்டுப் பெரிய ஸ்கீயர்களிலும் இப்படிப் பலர் உண்டே, காரணம் என்ன?

கூடவே இன்னொன்று. ஆஃப்ரிஸ்கியிலேயே உருப்படியாக மூன்று நிமிட வீடியோ ஒன்று எடுத்து முடிக்க என்னென்ன வேண்டும்?

டர்பன் கதிர்

வாசு அண்ணே, பயம் இல்லை. கணக்கு வேறு.

ஸ்லோப்ஸ்டைலில் மேலே ரெயில்கள், கீழே ஜம்புகள். இறங்குவதற்கு இரண்டு மூன்று வாய்ப்புதான், அதில் நல்லது ஒன்று கணக்கில் வரும். முதல் ரெயிலில் சறுக்கினால் கீழே என்ன வித்தை காட்டினாலும் அந்த ஓட்டம் போச்சு. அதனால் போட்டிக்கு வருகிறவர் பத்துக்கு ஒன்பது தடவை விழாமல் வருகிற ட்ரிக்கைத்தான் கொண்டுவருவார். காற்று அடித்தாலும், மேகம் மூடி இறங்குமிடம் கண்ணுக்கே தெரியாவிட்டாலும், அவர் பெயரைக் கூப்பிடும் நிமிடத்தில் அது வந்தாக வேண்டும்.

முப்பது தடவை விழுந்து முப்பத்தோராம் தடவை வருகிற ட்ரிக் ஒன்று இருக்கிறது. அதற்குப் போட்டியில் இடமே கிடையாது, வீடியோவில் மட்டும்தான் அது உயிரோடு இருக்கும். புதுசாக யோசிக்கிறவர் கையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்.

அடுத்தது மதிப்பெண். நடுவர்கள் 100க்குப் போடுகிறார்கள். உயரம், கடினம், சுத்தம், வகை எல்லாம் சேரும் என்றுதான் விதி. ஆனால் 1620 பாகைச் சுழற்சிக்கும் 1800க்கும் உள்ள அரைச் சுற்று வித்தியாசத்தை எண்ணிவிடலாம். ஸ்கீயின் மூக்கில் சாய்ந்து மெதுவாகத் திரும்பிக் கிளம்புகிறாரே, அதை எதை வைத்து அளப்பது? எண்ண முடிகிறதுக்குத்தான் நாளாக நாளாக விலை ஏறும். அதைத் துரத்த, விழுந்தால் தாங்கும் ஏர்பேக் மெத்தை, இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவின் ஸ்டுபாய், சாஸ்-ஃபே பனியாறுகள் என்று ஆண்டு முழுக்க ஒரே ஜம்பில் ஒரே சுழற்சி. பலர் அலுத்துப்போய் விலகுவது இந்த இடத்தில்தான்.

எதிர் உதாரணமும் சொல்லிவிட வேண்டும். பெய்ஜிங் 2022 ஒலிம்பிக்ஸ் ஸ்லோப்ஸ்டைலில் அமெரிக்காவின் அலெக்ஸ் ஹால் 90.01 வாங்கித் தங்கம் எடுத்தார். கடைசி ஜம்பில் 1080 வரைக்கும் சுற்றிவிட்டு, அந்தரத்திலேயே சுழற்சியை நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்பி 900இல் இறங்கினார். எண்ணிக்கையாகப் பார்த்தால் மற்றவர்களைவிடக் குறைவு. அவர் வீடியோவும் விடாமல் எடுக்கிறவர். இரண்டையும் சுமக்கிற உடம்பும் நேரமும் எல்லோருக்கும் வாய்க்காது, அவ்வளவுதான்.

மாரிட்ஸ்பர்க் மங்கை

கதிர் தம்பி சொன்னது சரி. ஆனால் "போட்டியை விட்டு வீடியோவுக்குப் போனார்கள்" என்று பேசுவதே தலைகீழ். இந்த விளையாட்டில் மூத்த பிள்ளை வீடியோ.

1990களின் கடைசியில் மோகல்ஸ் (பனி மேடுபள்ளங்கள் நிறைந்த சரிவில் இறங்கும்) போட்டியில் தலைகீழாகச் சுற்றக் கூடாது என்று எஃப்.ஐ.எஸ். (சர்வதேச ஸ்கீ சம்மேளனம்) தடை வைத்திருந்தது. கனடாவில் மைக் டக்ளஸ், ஜே.பி. ஆக்லேர், ஜே.எஃப். குசன் போன்ற மோகல்ஸ்காரர்கள் விஸ்லர் பக்கம் பிளாக்கோம் பனியாற்றில் ஸ்னோபோர்டு பார்க்குக்குள் நுழைந்து, பின்பக்கமாகவும் இறங்கிப் பார்த்தார்கள். அதற்கு வால் பக்கமும் வளைந்த ஸ்கீ வேண்டும், கடையில் அப்படி ஒன்று இல்லை. தாங்கள் செய்வதை வீடியோ எடுத்துக் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். சாலமன் ஒத்துக்கொண்டது, 1998இல் டென்எய்ட்டி என்ற ஸ்கீ வந்தது. இன்றைக்கு வாடகைக் கடையில் மாட்டியிருக்கிற, இரு முனையும் வளைந்த ட்வின்-டிப் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

ஒலிம்பிக்ஸில் மோகல்ஸ் 1992இலேயே சேர்ந்துவிட்டது. ஸ்கீயில் ஸ்லோப்ஸ்டைலும் ஹாஃப்பைப்பும் (பாதிக் குழாய் போன்ற பள்ளத்தில் ஏறியிறங்குவது) சேர்ந்தது 2014இல், பிக் ஏர் (ஒரே பெரிய ஜம்ப்) 2022இல். அதற்கு முன்னால் ஒருவர் பெரியவர் என்றால் அவருடைய வீடியோ பெரியது என்று பொருள். டாம் வாலிஷ் என்ற ஸ்கீயர் வந்த வழியைப் பாருங்கள். 2007இல் முகம் தெரியாதவர்களுக்காக நடக்கும் வீடியோ போட்டியில் ஜெயித்து வெளியே தெரிந்தார். 2012இல் எக்ஸ் கேம்ஸ் என்ற பெரிய சாகசப் போட்டியில் ஸ்லோப்ஸ்டைல் தங்கம். பிறகு திரும்பவும் வீடியோ. 2016இல் 424 அடி நீள ரெயிலை ஒரே மூச்சில் சறுக்கிக் கடந்தார். அதற்கு எந்தப் போட்டியில் இடம் இருக்கிறது, சொல்லுங்கள்.

செல்வம், லேடிபிராண்ட்

அக்கா சொன்ன ஆக்லேரையே எடுத்துக்கொள்வோம். 2011இல் அவர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சின்னச் சின்ன ஊர்களில் மக்கள் வீட்டு முற்றம், தெரு, படிக்கட்டு என்று சறுக்கிய அந்தச் சில நிமிடங்களை இன்றும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். 2014இல் படகோனியாவில் படப்பிடிப்புக்காக மலையில் இருந்தபோதே பனிச்சரிவில் இறந்தார். ஆகவே வீடியோ என்றால் பத்திரம், போட்டி என்றால் ஆபத்து என்று யாரும் பிரித்துவிடாதீர்கள்.

போட்டி ஜம்பை இயந்திரம் அளவெடுத்துச் செய்யும். எகிறிக் கிளம்பும் விளிம்பு, மேட்டின் முனை, இறங்குசரிவு எல்லாம் கணக்கில் இருக்கும், கீழே மருத்துவக் குழு நிற்கும். மலைக்குள்ளே வீடியோவுக்குச் செய்கிற ஜம்ப் அப்படியில்லை. நாலைந்து பேர் ஆளுக்கொரு சவளோடு (பனி அள்ளும் ஷவல்) மூன்று நான்கு மணி நேரம் வெட்டி, அடுக்கி, தட்டி, இறுக விட வேண்டும். இறங்குமிடம் 30 முதல் 38 பாகை சாய்வு இருந்தால்தான் முழங்கால் தப்பும். வில்லங்கம் என்னவென்றால், பனிச்சரிவு அதிகம் பிய்த்துக்கொள்வதும் ஏறக்குறைய அதே சாய்வில்தான். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பு, சவள் மூன்றும் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்க வேண்டும், வண்டியில் அல்ல.

அவ்வளவு பாடுபட்டபிறகும் மிருதுவான பனியில் ஒருவர் விழுந்த இடம் குழியாகிவிடும். ஏழெட்டுத் தடவை குதித்தால் அந்தச் சரிவு தீர்ந்தது. தலைக்கு ஒரு ஷாட் தேறினால் நல்ல நாள். சோம்பேறிக்கு ஏற்ற வேலை போட்டிதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள், அங்கே சவள் பிடிக்க வேறு ஆள் இருக்கிறது.

காசைப் பற்றி ஒரு வரி. ஸ்கீ கம்பெனிக்கு விற்க வேண்டியது படம். பதக்கம் ஒரு நாள் செய்தி, நல்ல ஷாட்டை இரண்டு வருஷம் விளம்பரத்தில் ஓட்டலாம். போட்டிக்காரருக்கோ எஃப்.ஐ.எஸ். புள்ளி வேண்டும், அதற்கு நம் ஊரில் வெயில் கொளுத்தும் டிசம்பரில் ஐரோப்பாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ராண்டில் சம்பளம் வாங்குகிற வீட்டில் இதை யோசித்துப் பாருங்கள்.

லெனேசியா வாசு

மூவருக்கும் நன்றி. இரண்டாவது கேள்விக்கும் யாராவது வாருங்களேன். 3,050 மீட்டர் உயரம், பெரும்பாலும் இயந்திரம் பொழிந்த பனி, இரண்டு பக்கமும் காய்ந்த புல். இதை வைத்து என்ன எடுப்பது?

டர்பன் கதிர்

முதலில் நாளை எண்ணுங்கள். ஒரு ஷாட் ஆறு நொடி ஓடினால் மூன்று நிமிடத்துக்கு 30 ஷாட். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வார இறுதி 13, அதாவது 26 நாள். காற்று, கூட்டம், சுளுக்கு எல்லாம் கழித்தால் பாதி மிஞ்சும். நாளுக்கு இரண்டு ஷாட் தேறினாலும் 30 எட்டாது. மூன்று நிமிடத்தை மறந்துவிட்டு 90 நொடிக்குத் திட்டமிடுங்கள். எக்ஸ் கேம்ஸ் நடத்திய வீடியோ போட்டிக்கே அந்த நீளம்தான் இருந்தது. 15 ஷாட், பதினைந்தும் வேறு வேறு ட்ரிக். ஒரே ட்ரிக்கை மூன்று கோணத்தில் காட்டி நிரப்பினால் பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வெளிச்சம்: வடக்கு அரைக்கோளத்துப் பாடங்களை அப்படியே எடுக்காதீர்கள். நம் பக்கம் பனி தங்குவது தெற்குப் பார்த்த சரிவில், சூரியன் நிற்பது வடக்கே. ஜூன் கடைசியில் நண்பகலிலும் அது 38 பாகைக்கு மேல் ஏறாது. கீழே நின்று மேல்நோக்கி எடுத்தால் கேமரா நேராகச் சூரியனைப் பார்க்கும், ஆள் கரிக்கட்டையாகத் தெரிவார். ரெயிலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்ச அளவை) தானியங்கியில் விட்டால் பனி சாம்பலாகும். பனி ஃபிரேமை நிறைத்தால் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் ஏற்றுங்கள். காய்ந்த புல்லும் சேர்ந்து வந்தால் அது பாதியாகப் போதும், இல்லையென்றால் வெள்ளை வெந்துவிடும். அந்தப் பழுப்பு மலையை மறைக்க வேண்டாம் என்பது என் கட்சி. வெள்ளைக் கோடு போல ஒரு சரிவு, சுற்றிலும் புல் மலை, இது ஆல்ப்ஸில் கிடைக்காது. நொடிக்கு 60 ஃபிரேமில் எடுங்கள், ஷட்டர் ஒரு நொடியில் 120இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக. ஏறுவதும் இறங்கி நிமிர்வதும் ஒரே ஷாட்டில் வர வேண்டும். நடுவில் வெட்டினால் விழுந்ததை மறைத்தான் என்பார்கள்.

பேட்டரி மூன்று, உள்சட்டைப் பையில். குளிரில் 40 சதவீதம் காட்டியதே திடீரென அணையும், சூடு ஏறினால் திரும்ப வேலை செய்யும், தூக்கி எறியாதீர்கள். அறைக்குள் போகுமுன் வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, உள்ளே ஒரு மணி நேரம் கழித்துத் திறவுங்கள். இல்லையென்றால் லென்ஸுக்குள் வியர்க்கும்.

செல்வம், லேடிபிராண்ட்

கதிர் கேமராவைச் சொன்னார், நான் வேகத்தைச் சொல்கிறேன். அங்கே அதிகம் அடிபடுவது அதனால்தான். காலை ஒன்பது மணிக்குப் பனி கண்ணாடி, மதியம் இரண்டு மணிக்குக் கஞ்சி. காலையில் கிளம்பிய அதே இடத்திலிருந்து மதியம் கிளம்பினால் வேகம் பற்றாது, மேட்டின் முனையிலேயே இடிப்பீர்கள். மதியம் பழகிய இடத்திலிருந்து மறுநாள் காலை கிளம்பினால் சரிவைத் தாண்டிச் சமதளத்தில் விழுவீர்கள். கிளம்பும் இடத்தில் ஒரு கம்பு நடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் முதல் ஆள் குதிக்காமல் ஜம்பின் ஓரமாக விலகி ஓட்டி, வேகம் பார்த்துக் கம்பை இரண்டு மூன்று அடி ஏற்றி இறக்கட்டும்.

உப்பு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஈரப்பனியில் மட்டும். உப்பு கொஞ்சத்தை உருக்கும், அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள பனியிலிருந்து இழுத்துக்கொள்ளும், அதனால் மிச்சம் இறுகும். காலைக் காய்ந்த பனியில் கொட்டினால் வீண். திரும்பத் திரும்பப் போட்டால் அந்த இடம் சேறு. உருகியது எல்லாம் கீழே ஓடைக்குத்தான் போகும், பார்க் ஆட்களைக் கேட்காமல் ஒரு பிடி கூடப் போடாதீர்கள்.

மாரிட்ஸ்பர்க் மங்கை

வாசு அண்ணா, போட்டி நாளில் கேமராவோடு ஓரத்தில் நிற்கிறார்கள் என்றீர்களே. சும்மா நிற்கவில்லை, வேவு பார்க்கிறார்கள். வருஷத்தில் அந்தப் பார்க் நன்றாகச் சீவி, செதுக்கி இருப்பது போட்டிக்காகத்தான். யார் எந்த வேகத்தில் கிளம்பினால் எங்கே இறங்குகிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டு, கூட்டம் ஜோபர்க் திரும்பியதும் மறுநாள் காலை முதல் லிஃப்டில் ஏறுவார்கள். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட முடியுமா பாருங்கள்.