அலெக்டஸின் பொற்காசை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி:
2019இல் இங்கிலாந்தின் டோவர் அருகே உழுத நிலத்தில் மெட்டல் டிடெக்டரில் சிக்கிய 4.31 கிராம் பொற்காசு, 293 முதல் 296 வரை பிரிட்டனை ஆண்ட ரோமானியர் அலெக்டஸுடையது என்று எதை வைத்து உறுதிசெய்தார்கள்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
முதல் சான்று எழுத்துதான். வாகை சூடிய தலையைச் சுற்றி அவர் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. பின்புறத்தில் சூரியதேவன் நிற்க, காலடியில் இரு கைதிகள் மண்டியிட்டிருக்க, அடியில் லண்டன் அக்கசாலையை (நாணயம் அடிக்கும் கூடத்தை) குறிக்கும் ‘எம்எல்’ முத்திரை உள்ளது.

மறுமொழி 2:
பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள காசும் இதுவும் ஒரே அச்சில் அடிக்கப்பட்டவை என்பதே, என் பார்வையில், அதைவிட அழுத்தமான சான்று. எனினும் அசலிலிருந்து வார்த்தெடுத்த போலியும் அதே உருவத்தைக் காட்டும் என்பதால், பரப்பில் வார்ப்புக் குமிழிகள் தென்படுகின்றனவா என்று உருப்பெருக்கியில் அவசியம் பார்க்க வேண்டும்.

மறுமொழி 3:
அலெக்டஸின் பொற்காசுகளில் 24 மட்டுமே அறியப்பட்டிருந்தன. ஏலத்தில் இது 5,52,000 பவுண்டுக்கு விலைபோனது.