பாஷ் ஸ்கிரிப்ட்: லூப்புக்குள் கூட்டிய எடை வெளியே வந்ததும் 0 ஆகிறது, ஏன்?

கேள்வி (குலசேகரம்)
அனைவருக்கும் வணக்கம். சிறு தோட்டக்காரர்களிடம் ரப்பர் ஷீட் வாங்கும் எங்கள் கடையில், அன்றன்று வரும் எடைகளை ஆளுக்கு ஒரு வரியாக உரைக்கோப்பில் எழுதி வைக்கிறோம். அவற்றைக் கூட்ட, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் நிரலான பாஷில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த பால்) வரிகளை, வரிகளைத் தேடிப் பிரிக்கும் ‘கிரெப்’ கட்டளை கொண்டு விலக்கி, மீதியைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் | குறி) வழியாக, வரிவரியாகப் படிக்கும் ‘வைல் ரீட்’ லூப்புக்கு அனுப்பி, ‘டோட்டல்’ என்ற மாறியில் கிராம் கணக்கில் கூட்டுகிறேன். லூப்புக்குள் ‘எக்கோ’ கட்டளையால் அச்சிட்டுப் பார்த்தால் தொகை சரியாக ஏறுகிறது. லூப்பை முடிக்கும் ‘டன்’ (done) என்ற சொல்லைத் தாண்டியதும் அதே மாறி 0 என்று காட்டுகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் 1 (நாகர்கோவில்)
உங்கள் கூட்டலில் பிழை இல்லை. பைப்பில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் பாஷ் தனித்தனி சப்ஷெல்லில், அதாவது ஸ்கிரிப்டை ஓட்டும் தாய் ஷெல்லின் நகலாகப் பிறக்கும் ஷெல்லில், இயக்குகிறது. ஆகவே உங்கள் லூப், தாய் ஷெல்லின் மாறிகளை நகலெடுத்துக்கொண்ட வேறொரு பிராசஸில் ஓடி, அந்த நகலில் கூட்டி, முடிந்ததும் நகலோடு மறைந்துவிடுகிறது. தாய் ஷெல்லின் ‘டோட்டல்’ தொடக்கம் முதலே 0 ஆகத்தான் இருக்கிறது.

திருத்துவதற்கு முன் இதை நேரில் பார்த்து உறுதிசெய்வது நல்லது. லூப்புக்கு முன்பும் உள்ளேயும், ஓடும் பிராசஸின் எண்ணைத் தரும் ‘பாஷ்பிஐடி’ (BASHPID) மாறியை அச்சிடுங்கள். இரண்டு எண்கள் வேறுபடும். இதற்கு, வழக்கமாகப் பிராசஸ் எண்ணைப் பார்க்கப் பயன்படும் $$ உதவாது, ஏனெனில் சப்ஷெல்லுக்குள்ளும் அது தாய் ஷெல்லின் எண்ணையே தரும். பிறகு பைப்பை நீக்கிவிட்டு, ‘டன்’ என்பதை அடுத்து < <( ) என எழுதி, அடைப்புக்குள் ‘கிரெப்’ கட்டளையை வையுங்கள். லூப் தாய் ஷெல்லிலேயே ஓடும்.

பதில் 2 (தக்கலை)
மேலே சொன்ன வழி சரியானது. ஆனால் உபுண்டுவில் ‘எஸ்எச்’ (sh) என்று சொல்லி ஸ்கிரிப்டை இயக்கினால் பாஷுக்குப் பதில் ‘டாஷ்’ என்ற வேறு ஷெல்தான் வரும், ‘டன்’ என்பதை அடுத்து அடைப்புக்குள் கட்டளை வைக்கும் இந்த எழுத்துமுறை அதற்குத் தெரியாது. முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருந்தாலும் பயனில்லை. பைப்பை விட மனமில்லையென்றால், பாஷ் 4.2 முதல், பைப்பின் கடைசிக் கட்டளையைத் தாய் ஷெல்லிலேயே இயக்கும் ‘லாஸ்ட்பைப்’ என்ற விருப்பம் உண்டு. ஜாப் கன்ட்ரோல் (கட்டளைகளை நிறுத்தவும் பின்னணிக்கு அனுப்பவும் உதவும் வசதி) இயங்காதபோதுதான் அது செயல்படும் என்பதால், ஸ்கிரிப்டில் சரியாக ஓடுவது டெர்மினலில் தட்டச்சு செய்து பார்க்கும்போது ஓடாது. இந்த வேறுபாடே பலரைக் குழப்புவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி கேட்டவர்
இரு எண்களும் வேறுபட்டன. பைப்பை நீக்கியதும் மொத்தம் கிடைத்தது. மிக்க நன்றி. இப்போது ஒருவருடைய எடையை மட்டும் கூட்டும் ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அதை அழைத்தவுடன் கடையின் மொத்தமும் மாறிவிடுகிறது.

பதில் 1 (நாகர்கோவில்)
இது நேர் எதிரான சிக்கல். பாஷில் ஃபங்ஷனுக்குள் மதிப்பிடும் மாறி, ‘லோக்கல்’ என்று அறிவிக்காதவரை ஸ்கிரிப்ட் முழுவதற்கும் பொதுவானது. உங்கள் ஃபங்ஷனும் ‘டோட்டல்’ என்ற பெயரையே பயன்படுத்துவதால் கடைக் கணக்கின் மீது எழுதிவிடுகிறது. முதல் வரியிலேயே ‘லோக்கல்’ என்று அறிவித்துவிடுங்கள். அறிவிப்பையும், கட்டளையின் வெளியீட்டை மாறியில் ஏற்றுவதையும் ஒரே வரியில் எழுத வேண்டாம். அந்தக் கட்டளை தோற்றாலும் ‘லோக்கல்’ வெற்றி என்றே திருப்பித் தரும்.