எம்ஜிபி காரில் தண்ணீர் சூடு காட்டும் முள் அசையவில்லை, மீட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

தோட்டத்து எம்ஜிபி, சுங்கை சிப்புட்
வணக்கம். அப்பா வைத்திருந்த 1972 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி. எண்ணெய் அழுத்தத்தையும் தண்ணீர் சூட்டையும் ஒரே வட்டத்தில் காட்டும் ஸ்மித்ஸ் மீட்டர். போன வாரம் ஈப்போவிலிருந்து வரும் வழியில் தண்ணீர் முள் குளிர்ந்த பக்கம் விழுந்தது, அப்புறம் எழவே இல்லை. எண்ணெய் முள் ஒழுங்காக இருக்கிறது. ஃபியூஸ் எல்லாம் சரி. பட்டறையில் மீட்டரை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். அப்பா தினமும் பார்த்து ஓட்டிய மீட்டர், கழற்றிப் போட மனம் வரவில்லை.

பழைய ஸ்பேனர், தைப்பிங்
தம்பி, இந்த மீட்டருக்கும் ஃபியூஸுக்கும் சம்பந்தமில்லை. மீட்டருக்கு வெளிச்சம் தரும் விளக்கைத் தவிர இதில் மின்சாரமே கிடையாது. ஹெட்டின் (இஞ்சினின் மேல்பாகம்) முன்பக்கம், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் அருகே ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். அதற்குள் ஈதர் என்ற, சீக்கிரம் ஆவியாகும் திரவம். சூடு ஏறினால் ஈதர் ஆவியாகி, மெல்லிய செம்புக் குழாய் வழியாக அழுத்தம் மீட்டருக்குப் போகும். அங்கே வளைந்த போர்டன் குழாய் கொஞ்சம் நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். எண்ணெய்க்குத் தனிக் குழாய், அதனால் அந்த முள் நன்றாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

முதலில் இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் அளவு பாருங்கள். தண்ணீர் குறைந்து குமிழைச் சுற்றிக் காற்று நின்றாலும் முள் கீழேயே கிடக்கும். அப்படியானால் பழுது மீட்டரில் இல்லை, ஆபத்து இஞ்சினுக்கு!

தண்ணீர் சரியாக இருந்தால் கொஞ்சம் வடித்துவிட்டுக் குமிழைக் கழற்றுங்கள். நட்டை மட்டும் திருப்ப வேண்டும், குமிழும் குழாயும் கூடவே சுற்றினால் குழாய் முறுக்கி அறுந்துவிடும். கழற்றியதைக் கொதிக்கும் நீரில் வையுங்கள். முள் எழுந்தால் மீட்டர் நல்லது, தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். எழாவிட்டால் ஈதர் போய்விட்டது.

செம்பனை லோரி, தெலுக் இந்தான்
குழாய் கசிந்தால் அந்த இடத்தில் ஈயம் பற்ற வைத்தால் போதாதா அண்ணே?

பழைய ஸ்பேனர், தைப்பிங்
போதாது. ஓட்டை அடைபடும், உள்ளே இருந்த ஈதர் திரும்பி வராது.

தோட்டத்து எம்ஜிபி, சுங்கை சிப்புட்
ஐயா, தண்ணீர் நிறைய இருந்தது. கொதிநீரில் வைத்தும் முள் அசையவில்லை. இஞ்சினுக்கும் கார் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டைக் குழாய் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் உதிர்ந்து, தகடு செம்பை அறுத்திருக்கிறது.

பழைய ஸ்பேனர், தைப்பிங்
அப்படியானால் மீட்டரைக் காப்பாற்றலாம், ஈதர் உள்ள வேறொரு குமிழையும் குழாயையும் அதோடு ஒட்ட வேண்டும். பழைய டிராக்டர்களில் இதே வகை சூட்டு மீட்டர் உண்டு, உங்கள் தோட்டப் பட்டறையில் கேளுங்கள். குமிழும் குழாயும் நல்லதாக இருக்க வேண்டும், குமிழ் உங்கள் ஹெட்டில் பொருந்த வேண்டும்.

ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். நம்ம ஊர் மத்தியானமே அதைத் தொட்டுவிடும். அதனால் ஐஸில் நிறைய உப்புப் போட்டு, டிராக்டர்க் குமிழை அதில் முழுக்கி, நன்றாகக் குளிர்ந்த பிறகே அதன் குழாயை டிராக்டர் மீட்டர்ப் பக்கம் வெட்டுங்கள். உங்கள் மீட்டரிலிருந்து வரும் குழாயை ஓட்டைக்கு முன்பே, மீட்டர் இருக்கும் பக்கம் வெட்டி, இரண்டு முனையையும் ஒரு சிறு செம்பு உறைக்குள் நுழைத்து ஈயம் வையுங்கள். குழாயின் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை குமிழ் ஐஸைவிட்டு வெளியே வரக் கூடாது. ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும்: திறந்த வெளியில் செய்யுங்கள், மின்சார ஈயக்கோல் மட்டும், நெருப்பு கிட்டவே வேண்டாம்.

முடிந்ததும் தெர்மாமீட்டரோடு சேர்த்து வெந்நீரில் வைத்து முள்ளைச் சரிபாருங்கள். தகட்டில் புது ரப்பர் வளையம் போடாமல் குழாயைத் திரும்ப நுழைக்காதீர்கள்.

தோட்டத்து எம்ஜிபி, சுங்கை சிப்புட்
மிக்க நன்றி ஐயா. அதுவரை கோலகங்சார் வரை ஓட்டிப் போகலாமா?

பழைய ஸ்பேனர், தைப்பிங்
வேண்டாம் தம்பி. தண்ணீர் கொதித்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போனால் செலவு இந்த மீட்டரைவிடப் பல மடங்கு.